செயற்கை மழையும் அரசாங்கத்தின் பொறுமையும்

நெய்வேலி நகரியத்தில் வாழ்வோருக்கு ஒரு விந்தை பழகிப்போய்விட்டது. நிலக்கரிக்காக இங்கே பூமியைத் தோண்டினால், கரியோடு போட்டியிட்டுக்கொண்டு தண்ணீர் வந்து நிற்கிறது. பழுப்பு நிலக்கரிப் படிவத்திற்குக் கீழே பேரழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்து அந்த அழுத்தத்தைத் தணித்துக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிடில் சுரங்கத்தின் தரையே பிளந்து மேலெழும்பிவிடும். 1957-ஆம் ஆண்டு மே மாதம் பண்டித நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்த காலத்தில், பொறியியல் வல்லுநர்களைப் பெரிதும் கவலையில் ஆழ்த்தியது கரியன்று, இந்தத் தண்ணீர்தான். 1961-இல் கரி கண்ணுக்குப் புலப்பட்டது. அன்றுமுதல் இன்றுவரை பம்புகள் ஓய்ந்ததில்லை.

இவ்வாறு இறைக்கப்படும் நீரில் ஒரு பங்கு அனல்மின் நிலையங்களுக்கும் நகரியத்தின் குழாய்களுக்கும் செல்கிறது. மற்றொரு பங்கு வாய்க்கால் வழியே வாலாஜா ஏரியையும் பெருமாள் ஏரியையும் சேர்ந்து நெற்பயிரை வளர்க்கிறது. 2017-இல் சென்னை மாநகரம் தாகத்தால் தவித்தபோது, சுரங்கத்து நீர் வீராணம் குழாயில் சேர்க்கப்பட்டு அங்கேயும் சென்றது. ஆகவே நெய்வேலியில் தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று வெளியூரார் கேட்பதுண்டு. சுற்றுப்புறக் கிராமங்களுக்குச் சென்று பார்த்தால் தெரியும். அங்கே கிணறுகள் ஆழமாகிக்கொண்டே போகின்றன. முந்திரிக் காடுகள் வானத்தை நோக்கியே நிற்கின்றன. நம் காலடியில் பொங்கும் அந்த ஊற்றுநீரும் என்றோ மேற்கே செம்மணற்பாறை நிலத்தில் பெய்து, மெல்ல மெல்ல ஊறி, கிழக்கு நோக்கி நகர்ந்துவந்த மழையே அன்றோ? எடுப்பது இன்றைய வேகத்தில். சேர்வதோ பழைய வேகத்தில்.

மழையின் போக்கோ நமக்குத் தெரிந்ததே. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி வட்டாரங்களில் வீடுகளையும் உயிர்களையும் வெள்ளம் வாரிச் சென்றது. அடுத்த ஆண்டே, 2016-இல், வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடெங்கும் 60 சதவிகிதத்திற்கு மேல் குறைந்துபோய், 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சிக்குள்ளானவை என்று அரசு அறிவிக்க நேர்ந்தது. ஓர் ஆண்டு பிணத்தைத் தேடினோம். மறு ஆண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம்.

அந்த வறட்சி நாட்களில் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் கேட்ட கேள்வி இது: "சாமி, பிளேன்லே போய் உப்பைத் தூவினா மழை வருமாமே! அப்படின்னா கவர்மெண்டு வருஷா வருஷம் அதைச் செய்யாம ஏன் சும்மா இருக்குது?" இக்கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்ல இயலாது. எனினும் இதைவிட நியாயமான கேள்வி வேறு இல்லை. படித்தவர்கள் கேட்கும், "இது கடவுளின் வேலையில் தலையிடுவதாகாதா?" என்ற கேள்வியைவிட இது எனக்கு மேலானதாகப் படுகிறது. கிணறு வெட்டுகிறவனையும் அணை கட்டுகிறவனையும் கடவுளோடு போட்டியிடுகிறவர்கள் என்று நாம் சொல்வதில்லை. கார்மேல் மலையில் மழைக்காக மன்றாடிய எலியா இறைவாக்கினரும், கடற்பக்கம் பார்த்துவரும்படி ஊழியனை ஏழு முறை அனுப்பினார் அல்லவா? உள்ளங்கை அளவு மேகம் ஒன்று தோன்றிய பிறகே மழை வந்தது. முதலில் மேகம் வேண்டும். பெரியவரின் கேள்விக்கு விடை தொடங்குவதும் அங்கேதான்.

மேகம் என்பது நீராவி அன்று; மிகமிக நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டம். ஒரு மேகத்துளியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவிலிருந்து ஐம்பதில் ஒரு பங்கு அளவே இருக்கும். இவை காற்றில் மிதந்துகொண்டிருக்குமேயன்றிக் கீழே விழுவதில்லை. ஏறக்குறைய பத்து லட்சம் மேகத்துளிகள் ஒன்றுசேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி உருவாகும். பல மேகங்களில் இந்தச் சேர்க்கை நிகழ்வதற்குள் பொழுது போய்விடுகிறது. மேகம் நம் தலைக்கு மேலே கறுத்துக் காட்டிவிட்டு, கலைந்து மறைந்துபோகிறது. "மழை வரும்போல இருந்தது, ஏமாற்றிவிட்டது" என்று நாம் சொல்லும் மேகம் இதுவே.

இந்தச் சேர்க்கைக்கு ஒரு தூண்டுதல் கொடுப்பதுதான் செயற்கை மழை முறை. அதில் இரண்டு வகை உண்டு. மிக உயரத்தில், உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் நிற்கும் நீர்த்துளிகள் உள்ள மேகங்களில் வெள்ளி அயோடைடைத் தூவுவார்கள். அதன் படிக அமைப்பு பனிக்கட்டியின் அமைப்பை ஒத்திருப்பதால், அதைச் சுற்றி நீர் உறைந்து, கனத்து, கீழிறங்குகிறது. இது குளிர் மேகங்களுக்கு உரியது. நம் போன்ற வெப்ப நாட்டில் தாழ்வாக வரும் மேகங்களுக்கு உப்பே போதும். சமையலறையில் திறந்து வைத்த உப்பு மழைக்காலத்தில் கசிவதை இல்லத்தரசிகள் அறிவார்கள். உப்புத்தூள் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் அதே குணத்தால், மேகத்தின் அடியில் தூவப்பட்ட துகள்கள் பெரிய துளிகளாகி, சிறு துளிகளை விழுங்கிக்கொண்டே வளர்கின்றன. இரண்டு வகையிலும், இல்லாத மேகத்தை உண்டாக்குவதற்கு வழியே இல்லை என்பதை மனத்தில் இருத்த வேண்டும். 

இக்கலை பிறந்தது 1946-இல். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வின்சென்ட் ஷேஃபர் அவ்வாண்டு நவம்பர் 13 அன்று ஆகாய விமானத்திலிருந்து உலர் பனிக்கட்டியை ஒரு மேகத்தில் தூவ, அது பனித்தூளாக மாறி உதிர்ந்தது. அவருடைய சகாவான பெர்னார்ட் வானகட் வெள்ளி அயோடைடின் ஆற்றலைக் கண்டறிந்தார். நம் நாடும் பின்தங்கியிருக்கவில்லை. 1952-இலேயே, வானிலைத் துறையின் முதல் இந்தியத் தலைவராக விளங்கிய எஸ். கே. பானர்ஜி, கல்கத்தாவின் அருகே ஹைட்ரஜன் பலூன்களில் உப்பையும் வெள்ளி அயோடைடையும் வைத்து மேகங்களுக்குள் அனுப்பிப் பார்த்தார். 1957 முதல் 1966 வரை டில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் ஆகிய இடங்களில் தரையிலிருந்தே உப்புக் கரைசலைத் தெளிக்கும் பரிசோதனைகள் நடைபெற்றன.

ஆனால் நம் நாட்டு விஞ்ஞானிகளின் பொறுமைக்குச் சான்றாக நான் எடுத்துக்காட்ட விரும்புவது, மகாராஷ்டிர மாநிலத்தில் பாராமதியில் நடந்த ஆராய்ச்சியையே. பூனாவிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 1973, 1974, 1976 ஆகிய ஆண்டுகளிலும், பின்னர் 1979 தொடங்கி 1986 வரையிலும், ஆக மொத்தம் பதினோரு பருவங்கள் இதனை நடத்தியது. அவர்கள் செய்த முறையைக் கவனியுங்கள். ஒரு நிலப்பரப்பை மூன்றாகப் பிரித்தார்கள்: வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, நடுவே யாரும் தொடாத ஓர் இடைப்பகுதி. ஏற்ற மேகங்கள் உள்ள நாளில், வடக்கா தெற்கா என்பதை மனிதர் தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்குவதுபோன்ற முறையால் தீர்மானித்தார்கள். ஒரு பக்கத்து மேகங்களில் உப்பும் மாக்கல் தூளும் கலந்து தூவிவிட்டு, இரு பக்கங்களிலும் பெய்த மழையை மழைமானிகளால் அளந்தார்கள்.

இவ்வளவு சுற்றுவழி எதற்கு? குழந்தைக்கு மூன்று நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் மாலை பாட்டி கஷாயம் கொடுக்கிறாள். நான்காம் நாள் காலை காய்ச்சல் இறங்குகிறது. கஷாயத்தால் இறங்கியதா, தானாகவே இறங்கும் வேளை வந்துவிட்டதா? ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு இதற்கு விடை காண முடியாது. நூறு குழந்தைகள் வேண்டும். அவர்களில் யாருக்குக் கஷாயம், யாருக்கு இல்லை என்பதை விருப்பு வெறுப்பின்றிப் பகுக்க வேண்டும். மேகத்தின் விஷயம் இன்னும் கடினம். இயற்கை மழை நாளுக்கு நாள், ஊருக்கு ஊர் பன்மடங்கு மாறுகிறது. அந்தப் பெரிய ஏற்றத்தாழ்வின் நடுவே விமானம் சேர்த்த சிறு பங்கைப் பிரித்தறிய ஆண்டுக்கணக்கில் அளந்தே தீர வேண்டும். பாராமதியில் பதினோரு பருவங்களின் முடிவில் கிடைத்த விடை, ஏறக்குறைய 24 சதவிகிதம் மழை மிகுந்தது என்பது. இது தற்செயலாக நேர்ந்திருக்கக் கூடிய வாய்ப்பு நூற்றுக்கு நான்கு என்று கணக்கிட்டார்கள். எல்லா மேகங்களிலும் இது பலிக்கவில்லை என்பதையும், மெலிந்த மேகங்களில் தூவினால் மழை குறையவும் கூடும் என்பதையும் அவர்களே எழுதிவைத்தார்கள்.

இத்தகைய உழைப்புக்குப் பிறகு அரசாங்கம் என்ன செய்திருக்க வேண்டும்? தொடர்ந்து பணம் கொடுத்து, வேறு வட்டாரங்களிலும் வேறு பருவங்களிலும் அதைச் சோதிக்கச் செய்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு. அதற்கு ஈடான பெரிய வான்வழி ஆராய்ச்சி மீண்டும் தொடங்கியது 2009-இல்தான். இடையில் இருபத்து மூன்று ஆண்டுகள்!

அந்த இடைக்காலத்தில் விமானங்கள் பறக்காமல் இல்லை. பறந்தன, ஆராய்ச்சிக்காக அல்ல, வறட்சிக்காக. நம் தமிழ்நாட்டில் 1983-இலும், 1984 முதல் 1987 வரையிலும், மீண்டும் 1993-94-இலும் செயற்கை மழைக்கு முயன்றார்கள். 2003-இல் கர்நாடகம் 'வருணா' என்ற பெயரில் முயன்றது. மகாராஷ்டிரமும் ஆந்திரமும் அவ்வாண்டே இறங்கின. 2017-இல் கர்நாடகம் மறுபடியும் 'வர்ஷதாரி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 2019 மார்ச்சில் இலங்கையின் மலைநாட்டு மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தின் மேலே, அந்நாட்டு மின்சார சபைக்காக விமானப்படையினர் இதைச் செய்தனர். ஏறக்குறைய எங்கும் கதை ஒன்றே. மழை பொய்க்கிறது, அணை வற்றுகிறது, மக்கள் குமுறுகிறார்கள், ஏதாவது செய்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் அரசு ஒப்பந்தம் கோருகிறது, வெளிநாட்டு நிறுவனத்தின் விமானம் வந்து சேர்வதற்குள் பருவத்தின் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. 

வர்ஷதாரியின் கதை இங்கே பொருத்தமானது. 2017 ஆகஸ்டில் பெங்களூர் ஜக்கூர் தளத்திலிருந்து அத்திட்டம் தொடங்கியது. ஆனால் அதே ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பெங்களூரில் இயற்கையாகவே பெருமழை கொட்டியது. அந்நகரின் வரலாற்றில் மிக அதிக மழை பெய்த ஆண்டுகளில் அது ஒன்று. இதில் விமானத்தின் பங்கு எது, வானத்தின் பங்கு எது? மழை பெய்தால் திட்டத்தின் வெற்றி என்பார்கள்; பெய்யாவிட்டால் மேகம் போதவில்லை என்பார்கள். இரண்டு விதத்திலும் தோல்வியே காணாத திட்டம் ஒன்றை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

இந்தச் சிக்கல் புதியதும் அன்று. அமெரிக்காவில் சான் டியாகோ நகரசபை, 1915-இன் இறுதியில் சார்லஸ் ஹாட்ஃபீல்டு என்பவரோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. மொரீனா நீர்த்தேக்கத்தை நிரப்பினால் பத்தாயிரம் டாலர். அவர் கோபுரங்கள் எழுப்பி, தம் இரகசிய மருந்துகளை ஆவியாக்கினார். 1916 ஜனவரியில் மழை வந்தது, வெறும் மழை அன்று, அணையொன்றை உடைத்து உயிர்களைக் குடித்த பெருவெள்ளம். ஹாட்ஃபீல்டு கூலி கேட்டார். வெள்ளச் சேதத்திற்கும் பொறுப்பேற்றால் பணம் தருகிறோம் என்றது நகரசபை. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. முடிவில் அவருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. அம்மருந்தில் ஒன்றுமில்லை என்பதே இன்றைய விஞ்ஞானத்தின் கருத்து. ஆயினும் அளவீடு இல்லாத இடத்தில் மழைக்கும் வெள்ளத்திற்கும் யார் பொறுப்பு என்று நீதிமன்றத்தாலும் சொல்ல முடியாது என்பதற்கு இது ஒரு நல்ல பாடம்.

இனி நல்ல செய்திக்கு வருவோம். 2009-இல் தொடங்கிய ஆராய்ச்சியின் நான்காம் கட்டமாக, அதே பூனா நிறுவனத்தார் 2018, 2019 ஆகிய ஆண்டுகளின் பருவமழைக் காலத்தில் சோலாப்பூரில் தங்கினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில், மழை குறைந்த பூமி அது. இரண்டு ஆகாய விமானங்கள்: ஒன்று கால்சியம் குளோரைடுப் புகையைத் தூவுவதற்கு, மற்றொன்று மேகத்திற்குள் நுழைந்து துளிகளை அளப்பதற்கு. தரையில் ராடாரும் மழைமானிகளும். 276 மேகங்களைத் தேர்ந்து, எதில் தூவுவது, எதில் தூவாமல் விடுவது என்பதைக் குலுக்கல் முறைக்கு விட்டார்கள். 2023-இல் முடிவு வெளிவந்தது. தூவிய இடத்திலிருந்து காற்று செல்லும் திசையில் 100 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் சராசரியாக 18 சதவிகிதமும், சில குறிப்பிட்ட இடங்களில் 46 சதவிகிதம் வரையும் மழை மிகுந்தது.

இந்தப் 18 சதவிகிதம் என்றால் எவ்வளவு? ஒரு சதுரக் கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது பத்து லட்சம் லிட்டர். 100 சதுரக் கிலோமீட்டரில் இயற்கை 20 மில்லிமீட்டர் பெய்திருந்தால், 18 சதவிகிதம் என்பது மூன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதாவது 36 கோடி லிட்டர். வீராணம் திட்டம் நாள் ஒன்றுக்குச் சென்னைக்கு அனுப்பும்படி அமைக்கப்பட்டது 18 கோடி லிட்டர். ஆக, ஒரு நல்ல நாளின் முயற்சியால், ஒரு சொட்டும் வீணாகாமல் பிடித்துவைத்தால், இரண்டு நாள் குடிநீர். இது அற்பமும் அன்று, அற்புதமும் அன்று. அதுவும் இயற்கை 20 மில்லிமீட்டர் பெய்தால்தான். பூஜ்யத்தின் 18 சதவிகிதம் பூஜ்யமே என்பதைப் பள்ளிச் சிறுவனும் அறிவான். மேகமே இல்லாத வறட்சியில் விமானம் எழுப்பும் ஓசை தவிர நமக்கு வேறொன்றும் கிடைக்காது. மழை ஓரளவு பெய்யும் ஆண்டுகளில்தான் இம்முறையால் ஏரியிலும் நிலத்தடியிலும் கூடுதலாகச் சேர்க்க முடியும். அதாவது, யாரும் செயற்கை மழையைப் பற்றி நினைக்காத ஆண்டுகளே இதற்கு உகந்த ஆண்டுகள்!

ஓரிடத்தில் கிடைத்த முடிவை வேறிடத்திற்கு அப்படியே கொண்டுபோகலாகாது என்பதற்கு இஸ்ரவேல் நாடு சான்று. அங்கே 1960-களில் தொடங்கிய பரிசோதனைகள் நல்ல பலன் தந்தன என்று உலகமே போற்றிற்று. பல்லாண்டுகள் அரசு செலவிலே அம்முறை கையாளப்பட்டது. பிறகு ஐயம் எழுந்தது. 2013 முதல் 2020 வரை புதிதாக ஒரு பரிசோதனை நடத்தினார்கள். கிடைத்த மிகுதி 2 சதவிகிதத்திற்கும் குறைவு. அதுவும் தற்செயலினின்று பிரித்தறிய முடியாத அளவு. அதைக் கண்டபின் இம்முயற்சியை நிறுத்திவிட்டார்கள். பல்லாண்டுப் பெருமையை ஒரு கணக்கின்முன் விட்டுக்கொடுத்த அந்தத் துணிவு நம் அரசுகளுக்கும் வேண்டும்.

அண்டை மாவட்டத்தின் மழையைத் திருடிவிடுவோமோ என்ற அச்சம் சிலருக்கு உண்டு. காற்றில் செல்லும் ஈரத்தில் சிறு பங்கே மழையாக இறங்குகிறது. எனினும் காற்றின் திசையில் அடுத்துள்ள ஊர்களிலும் மழையை அளப்பது ஆராய்ச்சியின் கடமை. வியட்நாம் போரின்போது எதிரியின் பாதைகளைச் சேறாக்க அமெரிக்கப் படையினர் இரகசியமாக மேகங்களில் தூவியதும், அதன் பின்னர் 1977-இல் வானிலையைப் போர்க் கருவியாக்குவதைத் தடுக்கும் உலக உடன்படிக்கை கையெழுத்தானதும் வரலாறு. மேகம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி வெறும் கற்பனைக் கேள்வி அன்று.

இப்போது அரசாங்கத்தின் நிலை என்ன? 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை, 'மிஷன் மவுசம்' என்னும் வானிலைத் திட்டத்திற்கு இரண்டு ஆண்டுகளுக்கென 2,000 கோடி ரூபாய் அனுமதித்தது. அதன் நோக்கங்களில் மேகங்களை ஆராய்வதும், மழையைக் கூட்டவும் குறைக்கவும் வழி காண்பதும் அடங்கும். மேகத்தை அறைக்குள்ளேயே உண்டாக்கிப் பார்க்கும் ஆய்வுக்கூடம் ஒன்றைப் பூனாவில் அமைக்கவும் திட்டமிட்டார்கள். இது வரவேற்கத் தக்கது. ஆனால் மறு ஆண்டே, 2025 அக்டோபர் 28 அன்று, டில்லியின் மாசுபட்ட காற்றைக் கழுவுவதற்கென்று விமானம் ஏறியது. மேகத்தில் ஈரப்பதம் 15 முதல் 20 சதவிகிதமே இருந்ததால் மழை என்று சொல்லத் தக்கது எதுவும் பெய்யவில்லை. அதை நடத்திய கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தார் இக்குறையை மறைக்காமல் சொன்னார்கள். அது அவர்களுக்குப் பெருமை. ஆனால் ஏற்ற மேகம் வரட்டும் என்று காத்திருக்கும் பொறுமை அரசியலுக்கு இருக்கவில்லை.

நம் மாவட்டத்தைப் பொறுத்தவரை ஒன்றைச் சொல்ல வேண்டும். பாராமதியும் சோலாப்பூரும் தென்மேற்குப் பருவத்தின் மேகங்களைச் சோதித்த இடங்கள். நமக்கு மழை தருவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவம். வங்கக் கடலிலிருந்து வரும் மேகங்கள். அவற்றின் உப்பும் வேறு, உயரமும் வேறு. காற்றழுத்தத் தாழ்வு வந்தால் அவற்றுக்கு யாரும் உப்புப் போட வேண்டியதில்லை, 2015-இல் கண்டோம். தாழ்வுக்கும் தாழ்வுக்கும் இடையே, கடற்கரையோரம் மாலையில் திரண்டு ஏமாற்றிச் செல்லும் அந்த மேகங்களைத்தான் அளந்து பார்க்க வேண்டும். திருவள்ளூர்ப் பகுதியில் 1970-களில் பூனா நிறுவனத்தார் சில பருவங்கள் பரிசோதித்ததுண்டு. அந்த ஏட்டை மீண்டும் திறக்கலாம்.

இதற்குப் பெரும் ஆடம்பரம் வேண்டியதில்லை. காரைக்காலில் வானிலைத் துறையின் ராடார் இருக்கிறது. நெய்வேலியின் வானம் அதன் பார்வைக்கு உட்பட்டதே. மேகத்திற்குள் நுழையும் விமானம் பூனாவிலிருந்து வர வேண்டும். விருத்தாசலம் முதல் கடலூர் வரை மழைமானிகளை நெருக்கமாக நிறுத்தி, பள்ளி ஆசிரியர்களையும் கிராம அலுவலர்களையும் கொண்டு நாள்தோறும் அளந்து எழுதச் செய்யலாம். ஐந்து வடகிழக்குப் பருவங்களுக்கு, மழை பெய்தாலும் பொய்த்தாலும், ஆட்சி மாறினாலும் மாறாவிட்டாலும், குறையாத ஒரு தொகையை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். இவற்றுள் கிடைப்பதற்கு மிகவும் அரியது கடைசியாகச் சொன்னதுதான்.